பெயர் மட்டும் மாறும் மறையுரை

ஃபாதர் வர முடியாத துக்க வீடுகளுக்கு எங்கள் செபக்குழுவில் ஒருவர் போய் மறையுரை சொல்வது வழக்கம். அதற்கென்று நான் ஒன்று எழுதி வைத்திருந்தேன். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார்கள். பெயரை மாற்றினால் போதும்.

மார்ச் மாதம் என் மனைவி வெரோனிக்கா இறந்தாள். சவப்பெட்டியருகே நின்று, எங்கள் குழுவில் இளையவனான ரயன் அதைத்தான் வாசித்தான். ஆண்டவர் தம் தோட்டத்து அழகிய மலரைப் பறித்துக்கொண்டார் என்று தொடங்கியது. அடுத்த வரி எனக்குத் தெரியும். எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். எனக்கு அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை.

அதன்பின் எந்த வீட்டிலும் நான் பேசவில்லை. நேற்று மாலை சுங்கை பினாங்கில் ஹென்றி என்பவரின் துக்கத்துக்குப் போனேன். தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். அடுக்குமாடிக்குக் கீழே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ரயன், மறையுரையில் பெயரை மாற்றித் தன் கைபேசியை நீட்டினான்.

"இன்னிக்கு நீங்க சொல்லுங்கண்ணே. தொண்ட கட்டிக்கிச்சி."

வாங்கிக்கொண்டு எழுந்தேன். ஹென்றியின் மனைவி அக்னஸ் என்னைப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பூப் பறிக்கிற கத வேணாம்லா. எங்க மாமியாருக்கும் அதான் சொன்னீங்க. இவரு என்ன பூவா?"

"பலாப்பழம்லா, சுத்தி முள்ளு," என்றார் ஹென்றியின் தங்கை. இரண்டு பேர் சிரித்துவிட்டு அடங்கினார்கள்.

"வேற என்னக்கா சொல்றது?"

"நெஜமா தெரிஞ்சத சொல்லுங்க. இல்லாட்டி செபமால சொல்லிட்டுப் போங்க. இன்னொரு பொய்யக் கேக்க என்னால முடியாது."

கைபேசியை ரயனிடமே கொடுத்தேன்.

"எனக்கு ஹென்றி அண்ணன தெரியாதுக்கா," என்றேன். "என் மனைவியோட ஹேண்ட்போன நான் இன்னும் சார்ஜ் பண்றேன். சேலைக்கடையிலேருந்து சலுகைன்னு மெசேஜ் வருது. ஏன் சார்ஜ் பண்றேன்னு தெரியல. ஆண்டவர் அவள ஏன் கூட்டிட்டுப் போனாருன்னும் தெரியல. தெரிஞ்ச மாதிரி உங்ககிட்ட பேச முடியல. ஆனா அடக்கம் முடிஞ்சி எல்லாரும் போயிடுவாங்க. அப்புறம் வீட்ல இருக்கறது கஷ்டம். அப்ப நான் வர்றேன். அவ்வளவுதான்."

"முடிஞ்சிதாண்ணே?" என்று ரயன் கிசுகிசுத்தான். யாரோ இருமினார்கள். அவனே அவசரமாகச் செபமாலையைத் தொடங்கினான்.

முடிந்ததும் அக்னஸ் பக்கத்து நாற்காலியைத் தட்டினார். உட்கார்ந்தேன். ஹென்றியின் கோபத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். உப்பு கூடிவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு, பசி தாங்காமல் பிறகு அதே தட்டைத் தேடுவாராம். சொல்லும்போதே அழுதார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்க வீட்டுக்காரி எப்படி, தம்பி?"

ஆறு மாதமாக யாரும் அதைக் கேட்கவில்லை.

"அவளும் கோவக்காரிதான்," என்றேன். அடுத்த வார்த்தைக்கு முன் அழுகை வந்துவிட்டது. அக்னஸ் அவசரப்படுத்தவில்லை.