ஏழாவது கொடி

கைக்கடிகாரம் கத்தியபோது ஹாம்புஸ் ஆறாவது கொடியருகே நின்றிருந்தான். ஓட்டச் சங்கத்தின் போட்டி: வரைபடத்தைப் பார்த்துக் காட்டுக்குள் நட்ட கொடிகளை வரிசையாகத் தேடி ஓடவேண்டும். அடுத்தது ஏழாவது கொடி. சதுப்புக்கு அந்தப் பக்கம், பிர்ச் மரத்தடியில் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் தெரிந்தது. ஓடினால் இரண்டே நிமிடம். கால் தானாக முன்னே போயிற்று. இழுத்து நிறுத்தினான்.

உண்ணி கடித்து இரண்டு வருடம். மருந்து முடிந்தும் லைம் நோய் விட்டபாடில்லை. முட்டி வீங்கும், மண்டை மந்தமாகும். "தினமும் இருபது நிமிஷம் ஓடுங்க. களைக்கறதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஓட்டமோ நடையோ, இருபதாவது நிமிடம் கடிகாரம் கத்தும். ஏப்ரலில், இன்னும் ஒரே ஒரு கொடி என்று ஓடி மூன்று நாள் படுக்கையில் கிடந்தான். அதில் ஒரு நாள் மகள் டில்டேயின் பிறந்தநாள். தாயில்லாத பிள்ளை, அறை வாசலில் நின்றபடி தன் கேக்கைத் தனியாகத் தின்றாள்.

நாளை அவளுக்குப் பள்ளியில் முதல் நாள். நடந்தே கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

கொடிக்கு முதுகைக் காட்டினான். வீட்டுக்குப் போகும் மண்பாதை பக்கத்திலேயே இருந்தது. மெதுவாக நடந்தான்.

வீட்டில் உட்கார முடியவில்லை. ஜன்னலைத் திறந்தான், மூடினான். உருளைக்கிழங்கு கழுவும்போதுதான் பார்த்தான்: கொடிதோறும் செருகி நேரம் பதியும் சிவப்புக் குச்சி இன்னும் விரலில் மாட்டியிருந்தது.

கிழங்கைத் தொட்டியில் போட்டான். பாதியில் விட்டாலும் முடிவிடத்துக்கு வந்து குச்சியைப் பதிந்துவிட்டுத்தான் போகவேண்டும். பதியாதவன் காட்டில் விழுந்து கிடக்கிறான் என்று அர்த்தம். சங்கமே தேடக் கிளம்பும். அவன் கைபேசியும் அங்கேதான், பையில். நடந்தால் அரை மணி, ஓடினால் பத்து நிமிடம். ஷூவை மாட்டினான். ஓடினால் நாளை எழுந்திருக்க முடியாது. கழற்றினான். மறுபடி மாட்டினான்.

வாசலில் கார் வந்து நின்றது. சங்கத் தலைவி குன்வோர். அறுபது வயது, தலையெல்லாம் சருகு.

"உயிரோடதான் இருக்கியா? பதினாலு பேர் தேடறோம்டா. லார்ஸ் இடுப்பளவு சேத்துல நிக்கறான். உன்னைத் திட்டித் திட்டி அவனுக்குத் தொண்டையே போச்சு."

"மறந்துட்டேன், குன்வோர். மண்டை..."

"தெரியும். என் காலைப் பாரு, மூணு உண்ணி. எனக்கும் வந்துச்சுன்னா உன் செலவுலதான் வைத்தியம். எங்க நிறுத்தின?"

"ஆறுல. மணி அடிச்சதும்."

"ஏழு அங்கேருந்தே தெரியுமே. நான்தானே நட்டேன்."

"தெரிஞ்சுது."

குன்வோர் அவனையே பார்த்தாள். கையை நீட்டினாள். "குச்சியைக் குடு, நான் பதிஞ்சுக்கறேன். முதல்ல ஷூவைக் கழட்டு." பிறகு கைபேசியில் கத்தினாள்: "எல்லாரும் வெளிய வாங்க! நம்ம துரை இங்க வீட்டுல கிழங்கு கழுவிட்டிருக்கார்!"

காலையில் முட்டி வீங்கவில்லை. நடந்தார்கள். பள்ளி கண்ணில் பட்டபோது கடிகாரம் கத்தியது.

டில்டே நின்றுவிட்டாள். "நிறுத்தணும்பா."

"அதோ பள்ளிக்கூட கேட் தெரியுது. ரெண்டு நிமிஷம்தான்."

"என் பிறந்தநாளப்பவும் இப்படிச் சொல்லித்தான் படுத்துட்ட."

சாலையோரப் பாறையில் உட்கார்ந்தார்கள். மற்ற பிள்ளைகள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது. டில்டே தன் புத்தகப்பையைக் கழற்றி அந்தக் காலின்மேல் வைத்தாள்.