குட்டி பிரித்தல்

என் மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதிகாரத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. ஆட்டிவைக்க ஆள் இல்லாமல் போனதும் பால்கனியிலிருந்த லில்லித் தொட்டிகள் மாட்டிக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிவீட்டு அம்மாவையும் எதிர்வீட்டு வக்கீலையும் உட்காரவைத்து வகுப்பு வேறு எடுப்பார்.

அந்த ஞாயிறு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்திருந்தோம். சின்ன வீடுதான், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் தட்டமாட்டார்கள். சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளுக்குத்தான் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர்தான் வாயைத் திறக்கவில்லை. "அப்பாகிட்ட நான் பேசுறேன்" என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்துகிற ரகம்.

மாமனார் தொட்டியைக் கவிழ்த்து, மண்ணை உதிர்த்து, கிழங்கைத் தூக்கிக் காட்டினார். பெரிய கிழங்கைச் சுற்றிச் சின்னக் கிழங்குகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா? ரெண்டு வருஷமா வெறும் இலைதான், பூ இல்ல. ஏன்? நெரிசல்! வேர் விட்ட குட்டியைப் பிரிச்சுத் தனித் தொட்டியில வெச்சிடணும். ஒட்டிக்கிட்டே இருந்தா தாயும் பூக்காது, குட்டியும் பூக்காது."

குட்டிகளைத் திருகி எடுத்துச் செய்தித்தாளில் பரப்பினார். காயம் உலர வேண்டும், நடும்போது கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும் என்று பாடம் நீண்டது. வக்கீல் தலையாட்டினார். அவர் எதிர்த்துப் பேசாத ஒரே இடம் இதுதான்.

நான் என் கணவரைப் பார்த்தேன். மனிதர் டீத் தம்ளருக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். எனக்கு வந்ததே கோபம்!

"மாமா, வேர் விட்டுட்டா பிரிச்சிடலாம், இல்ல?"

"பிரிச்சே ஆகணும்மா. பாசமெல்லாம் பாக்கக் கூடாது."

"அப்ப நாங்களும் தனியாப் போறோம், மாமா. வீடு பாத்தாச்சு."

மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. மாடிவீட்டு அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"செடி வேற, குடும்பம் வேற!" என்று கத்திய மாமனார், குட்டிகளை வாரியெடுத்துப் பெரிய கிழங்கோடு பழைய தொட்டியிலேயே திணித்து, மண்ணைப் போட்டு அமுக்கினார். கழுத்தாவது ஒன்றாவது. "எனக்குப் பூவே வேணாம், போ!"

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. "சரிப்பா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார் என் கணவர். திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டு, மூட வேண்டிய நேரத்தில் திறக்கிற வாய்!

சத்தம் கேட்டு அத்தை சமையலறையிலிருந்து வந்தார். மாமியார் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் போதும், வீடு கைநழுவிவிடும்.

அத்தை அழவில்லை. தொட்டியைப் பார்த்தார், பிறகு மாமனாரைப் பார்த்தார்.

"தாயும் பூக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் வடிச்சுக் கொட்டி, எல்லார் துணியும் மடிச்சு வெச்சு, எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. எனக்கும் கொஞ்சம் இடம் வேணுங்க. போகட்டும்." என் பக்கம் திரும்பினார். "இன்னிக்கே சாவி வாங்கிடும்மா. தள்ளிப் போடாத."

கேட்டது கிடைத்துவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நெருக்கியது அவர்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.