கொடிப்பெட்டிச் சாவி

பிச்சமுத்துவின் அரைஞாண் கயிற்றில் முடிச்சு இறுகிக் கிடந்தது. செல்லக்கிளி பல்லால் கடித்து இழுத்துச் சாவியைக் கழற்றினாள். விடியற்காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டவர், அவள் சொம்போடு வருவதற்குள் போய்விட்டார். உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

வாசலில் வீரமலை தலைகுனிந்து நின்றான். பிச்சமுத்து வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் இன்னொரு பியூன்.

“கேக்கக் கூடாத நேரந்தான் அண்ணி. நேத்து நேரு போனதுக்கு இன்னைக்கும் கொடி அரைக்கம்பத்துல பறக்கணும். பெட்டிச் சாவி அண்ணன்கிட்டதான்…”

“இந்தாப்பா.”

பன்னிரண்டு வருஷமாக அந்தக் கொடியை ஏற்றி இறக்கியவர் பிச்சமுத்து. கேள்வி கேட்டே அவரைத் துளைத்தெடுத்தவள் செல்லக்கிளி. பழைய கொடியில் இருந்த ராட்டையை எடுத்துவிட்டு ஏன் சக்கரம் போட்டார்கள் என்று ஒருமுறை கேட்டாள். மனுஷர் ஒரு வாரம் கழித்து, ஹெட்கிளார்க்கிடம் விசாரித்துக்கொண்டு வந்தார்.

“ராட்டைன்னா பின்பக்கம் திரும்பித் தெரியும். சக்கரம் எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணுதான்.”

நேற்றுச் சாயங்காலமும் ஒன்று சொன்னார். துக்கத்துக்குப் பாதியில் நிறுத்துவதானாலும், முதலில் உச்சிவரை ஏற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டுமாம்.

“பாதியில நிக்கப்போறது எதுக்குங்க மேல போவணும்?”

“கேட்டு நாளைக்குச் சொல்றேன். இப்ப சோத்தைப் போடு.”

பியூன் குடியிருப்பு அலுவலகத்துக்குப் பின்னாலேயே இருந்தது. பிணத்தின் தலைமாட்டிலிருந்து பார்த்தாலே மதிலுக்கு மேல் கம்பம் தெரியும். சுற்றி எல்லோரும் ஒப்பாரி வைக்க, செல்லக்கிளி கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடி ஏறியது. பாதியில் நின்றுவிட்டது.

அவர் இல்லாத முதல் நாளே அவர் வேலை குறையாக நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

“வீரமலை! உச்சிக்கு ஏத்துப்பா! மேல தொட்டுட்டு எறக்கணும்!”

அக்கா ராசாத்தி அவள் தோளைப் பிடித்தாள். “புருசனைக் கெடத்திட்டு என்னடி இது? புத்தி கெட்டுப் போச்சா?”

“விடுக்கா. அவரு வேலை. ஒழுங்கா நடக்கட்டும்.”

மதிலுக்கு அப்பால் கப்பி கிறீச்சிட்டது. கொடி நகர்ந்து, உச்சியைத் தொட்டது. அங்கே காற்றுப் பட்டு முழுசாக விரிந்தது. பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும் சக்கரம் சக்கரமாகவே இருந்தது. அப்புறம் மெதுவாகப் பாதிக்கு இறங்கியது.

செல்லக்கிளி திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மேல போயிட்டுத்தாங்க வந்துச்சு,” என்றாள். “ஏன்னுதான் நீங்க சொல்லல.”

அவர் இடுப்பில் சாவி அழுந்திய தடம் அப்படியே இருந்தது. வேட்டியை மேலே இழுத்து அதை மூடினாள்.