பெட்டிக்குள் இருந்த எண்

“இன்று நாலு மணிக்கு வந்துவிடுங்கள். காத்திருப்போம்.”

மனைவியின் போனில் இந்த வரியை அவன் பார்த்தான். அவள் குளியலறையில் இருந்தாள். மேசையில் கிடந்த போன் தானாக ஒளிர்ந்தது, தற்செயலாகத்தான் பார்த்தோம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். விரலால் மேலே தள்ளித் தள்ளிப் படித்தது மட்டும் தற்செயல் இல்லை. வியாழன் பதினொன்றுக்கு வாருங்கள். சனி ஐந்தரைக்கு வாருங்கள். இரண்டு மாதமாக, பெயர் சேமிக்காத ஒரே எண்ணிலிருந்து.

“யாரு மெசேஜ் அனுப்பறது?” என்று அவள் வந்ததும் கேட்டான். கேட்ட தொனி போலீஸ்காரன் தொனி.

அவள் ஈரத் தலையைத் துவட்டியபடி அவனையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். “ராங் நம்பர்,” என்றாள்.

எந்த ஊரில் ராங் நம்பர் வாரத்துக்கு மூன்று முறை நேரம் குறித்துக் கூப்பிடுகிறது?

அவன் இணையப் படிவங்கள் செய்பவன். பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் என்று நாம் நிரப்புகிறோமே, அந்தப் பெட்டிகளைச் செய்வதுதான் அவன் பிழைப்பு. அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயரே ‘கறார்’. அவனுடைய தொலைபேசிப் பெட்டியில் பத்து இலக்கத்தை ஒட்டி ஒட்டி அடிக்க வேண்டும். நடுவில் ஓர் இடைவெளி விட்டாலோ, ஒரு சின்னக் கோடு போட்டாலோ, சிவப்பு எழுத்தில் ‘தவறான எண்’ என்று முகத்தில் அடித்தாற்போல் வந்து நிற்கும். இடைவெளியை நீயே நீக்கிக்கொண்டால் என்ன என்று சக ஊழியர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். “அடிக்கத் தெரியாதவங்களுக்கு நான் ஏன் தலையைக் குடுக்கணும்?” என்பான்.

அன்று அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும், அலுவலக போனிலிருந்து அந்த எண்ணைச் சுழற்றினான்.

“டாக்டர் பேசறேன், சொல்லுங்க,” என்றது ஒரு குரல்.

சட்டென்று வைத்துவிட்டான். தெரிந்த குரல்தான். பல் டாக்டர். அவருடைய மருத்துவமனைக்கு இரண்டு மாதம் முன்பு இணையதளம் செய்து கொடுத்ததே இவன்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் செய்த பழைய படிவத்தைத் தூசு தட்டிப் போட்டு, அரை நாளில் வேலையை முடித்திருந்தான். அப்போது திரையில் டாக்டரின் படத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாளே, “பல்லு எவ்வளவு வரிசையா இருக்கு பாருங்க!” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இவனும் சிரித்துத் தொலைத்தான்.

இப்போது அந்த வரிசைப் பல் ஒவ்வொன்றும் அவன் நெஞ்சைக் கடித்தது. கழிவறைக் கண்ணாடியில் போய் வாயைத் திறந்து பார்த்தான். காப்பிக் கறை. அதுவும் சேர்ந்து வயிற்றெரிச்சலைக் கிளப்ப, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கையும் களவுமாகப் பிடித்தால் என்ன செய்வது என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்ததும் கால் ஒரு நிமிடம் நகர மறுத்தது.

மருத்துவமனையில் நாலு மணிக்கு நாற்காலிகள் காலி. வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள் அவனைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

“வாங்க தம்பி, நல்ல நேரத்துல வந்தீங்க! உங்க பெட்டியால என் உசிரு போகுது. யாரு எப்படி அடிச்சாலும் தப்பு தப்புங்குதாம். கடுப்பாகி, பெட்டிக்குள்ளயே மங்கலா ஒரு நம்பர் போட்டிருக்கீங்களே, அதைப் பார்த்து அப்படியே அடிச்சுடறாங்க. அதை மட்டும்தான் உங்க பெட்டி ஏத்துக்குது. இந்த நாலு மணிக்காரரும் அப்படித்தான். ஆளையே காணோம்.”

“அது சும்மா எடுத்துக்காட்டுக்குப் போட்டது,” என்றான். அவன் கணினியில் அந்தப் பெட்டி தானாகவே அவனுடைய எண்ணால் நிரம்பிவிடும். மங்கல் எழுத்தை அவன் பார்த்தே வருடக்கணக்காகிறது. அந்த அம்மாளின் திரையில் இப்போது பார்த்தான். ஏதோ பத்து இலக்கம்.

“சும்மாவா? நேரம் சொல்லித் தானாப் போற மெசேஜெல்லாம் அந்த நம்பருக்குத்தான் போகுது. பாவம், யாரோ ஒரு பொண்ணு. ஒரு தடவைகூடக் கோவிச்சுக்கல. ‘பேஷண்டோட மின்னஞ்சலுக்கு எழுதி சரியான நம்பரைக் கேளுங்கம்மா’ன்னு வழி சொன்னதே அதுதான். இருங்க, நீங்களே பேசி மன்னிப்புக் கேளுங்க.”

திரையைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டார்.

“சொல்லுங்கம்மா. இன்னிக்கு எத்தனை பேரு?” என்றது அவன் மனைவியின் குரல்.

அவன் திரையில் இருந்த எண்ணை மறுபடி பார்த்தான்.

“இந்தப் பெட்டியைச் செஞ்சவரே வந்திருக்காரும்மா. எதிர்லதான் நிக்கறாரு.”

“வந்துட்டாரா? முதல் வாரமே சொல்லப் போனேன். ‘என் பெட்டியில தப்பே வராது’ன்னு எழுந்து போயிட்டார். இன்னிக்குத் திருட்டுத்தனமா என் போனை நோண்டிட்டு அதட்டிக் கேட்டார். ராங் நம்பர்னு மட்டும் சொல்லி, அவராவே கண்டுபிடிக்கட்டும்னு விட்டுட்டேன். அது யாரோட நம்பர்னு கேளுங்கம்மா. கல்யாணம் நிச்சயமான புதுசுல அவருக்கு மனப்பாடமா இருந்ததே அது ஒண்ணுதான்.”

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டிரண்டு இலக்கமாக, நடுநடுவே மூச்சு விட்டு அவள் சொன்ன எண். அதை அந்தப் பழைய பெட்டிக்குள் இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுதியவன் அவன். அப்புறம் போனில் அவள் பெயரைச் சேமித்துவிட்டு எண்ணைத் தொலைத்தவனும் அவனே. கண்ணெதிரில் கிடந்தும் அடையாளம் தெரியவில்லை.

“நான்தான்,” என்றான்.

“தெரியுது. திரையைப் பார்க்காம சொல்லுங்க பார்ப்போம்.”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதல் இரண்டு வந்தது. அடுத்த இரண்டும் வந்தது. மூன்றாவதில் தடுமாறி நின்றான்.

அவள் தப்பு என்று சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை.