கணக்கப்பிள்ளைக்கு விழாத முழுப்பேர்

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஏழுமலை முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்தில் பிறரைக் கொழுந்து பறிக்க வைத்தவர். தன் கையால் ஓர் இலையையும் கிள்ளியதில்லை. அந்தக் குறையை அறுபத்தாறாம் வயதில், கைபேசியில், ஒரே மாதத்தில் தீர்த்துக்கொண்டார். அவருடைய கட்டைவிரல் பறித்ததையெல்லாம் கொட்டினால் பெல்மதுளைச் சந்தி மூடிப்போய், இரத்தினபுரி பஸ்கள் வேறு பாதை தேட வேண்டியிருக்கும்.

விளையாட்டின் பெயர் 'முழுப்பேர்'. செய்தவள் மேல்லயத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கும், கொழுந்து பறிக்கும் வெள்ளையம்மாவின் மகள் சசி. பெல்மதுளையில் ஃபோன் திருத்தும் கடையில் வேலை பார்ப்பவள். திரையில் ஒரு தேயிலைச் செடி, தட்டினால் கொழுந்து. பதினெட்டுக் கிலோ சேர்ந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். பதினேழரையைத் தொட்டதும், 'இன்று முதல் இருபது' என்று தோட்ட மேலாளரான துரை அறிவிப்பார். தட்டாமல் தூங்கினாலும் கொழுந்து தானாகச் சேரும், ஆனால் அது துரையின் பங்களாவுக்குப் போகும். ஒருநாள் மத்தியானம் ஏழுமலை கண்ணயர்ந்து எழுவதற்குள் பங்களாவுக்கு ஆறாவது மாடியும், அதன்மேல் நீச்சல் குளமும், குளிக்க ஒரு யானையும் வந்துவிட்டன. 'லயத்துக்குக் கூரை' என்ற பொத்தானை அழுத்தினால், 'மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்' என்று வரும். அவர் நாலாயிரம் தடவை அழுத்திப் பார்த்தார். மேலிடம் அசையவில்லை.

"தோட்டத்த அப்படியே புழிஞ்சு ஒரு ஃபோனுக்குள்ள ஊத்தியிருக்கா. இவ மூளைய மியூசியத்துல வைக்கணும்" என்று கண்டவரிடமெல்லாம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பெரிய திரையில் காட்ட ஏற்பாடு. வெள்ளையம்மாவுக்குத்தான் பயம். தோட்டத்தில் ஒருவர் மனம் நொந்தாலும் விளையாட்டை அழித்துவிட வேண்டும் என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அந்த ஒருவர் யாரென்று தோட்டம் முழுக்கத் தெரியும். ஏழுமலைக்கு மட்டும் தெரியாது.

சனிக்கிழமை பகல், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் காற்று வாங்கிக்கொண்டே தட்டினார். துரை கேட்டது இருபத்திரண்டு, சேர்ந்ததும் இருபத்திரண்டு. ஆயுளில் முதல் முழுப்பேர். திரையில் இருந்த தராசில் வைத்தார். பக்கத்தில் நின்ற பொம்மை, "தண்ணி, கூடை, மூணு கிலோ கழிவு" என்றது. அரைப்பேர்.

"நாசமாப் போறவன். சரியாத்தானே இருந்திச்சு? யாரு இவன், பொம்பளைங்க வயித்துல அடிக்கிற பாவி?"

சாக்கு இறக்கிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கலைச்செல்வி மட்டும், "ஐயா, கண்ணாடிய போட்டுட்டுத் திட்டுங்களேன்" என்றாள்.

போட்டார். பொம்மைக்கு அணில் வால் மீசை, பச்சைக் குடை, காதில் பென்சில். முப்பத்தொரு வருடம் கண்ணாடியில் பார்த்த அதே ஆள்.

வெள்ளையம்மா முன்னால் வந்தாள். "அறியாப்புள்ள ஐயா. இன்னைக்கே அழிக்கச் சொல்றேன்."

அவர் பஸ் ஏறினார். பெல்மதுளை வரை ஒரு தடவைகூடத் தட்டவில்லை; பங்களா அதற்குள் மேகத்தைத் தொட்டிருக்கும்.

கடைவாசலில் அவரைக் கண்டதும் சசி திருப்புளியைக் கீழே வைத்தாள். "அழிச்சிடவாங்க ஐயா?"

"ஒரு பிழை இருக்கு, புள்ள."

"மீசையா?"

"மீச நல்லாத்தான் இருக்கு, இருந்தத விடக் கருப்பு. மூணு கிலோன்னு போட்டிருக்க. மழ நாள்ல நான் அஞ்சு வெட்டுவேன்."

சசி குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தாள்.

"ஒங்கம்மாவுக்கு ஆறு. எதுத்துப் பேசுதுன்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அழிச்சிடாத. அஞ்ச போடு, எம்பேரையும் போடு. வேற எவனையோன்னு நெனச்சு சனம் திட்டக்கூடாது."

"ஹரி, ஐயா, போட்டுடுறேன்." அவள் குரல் இறங்கியிருந்தது.

"முழுப்பேர் எப்பத்தான் விழும்?"

"விழாதுங்க. அப்படித்தான் செஞ்சிருக்கேன்."

"கெட்டிக்காரி" என்றார். மனதார.

ஞாயிற்றுக்கிழமை திரையில் 'கணக்கப்பிள்ளை ஏழுமலை' ஐந்து கிலோ வெட்டியதும் மண்டபக் கூரை எழும்பித் தொலைவிலுள்ள வரக்காப்பொலயில் போய் விழுகிற மாதிரி ஒரு கூச்சல். முதல் வரிசையில் இருந்த அசல் ஏழுமலைதான் எல்லோரிலும் பலமாகத் திட்டினார். பக்கத்தில் வெள்ளையம்மா தயங்கித் தயங்கி, வாய்க்குள்ளேயே ஒரு வசவை விட்டாள்.

"சத்தமா, வெள்ளையம்மா" என்றார் அவர். "ஆறு கிலோவுக்கு அது பத்தாது."