பூனை மாமாவின் நெஞ்சு

கடைசி வருடப் பரீட்சையில் ஆறாவது கட்டிலுக்குச் சீட்டு விழுந்ததும் வாயாடிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆறாவது கட்டில் என்றால் பூனை மாமா.

அந்த மருத்துவப் பல்கலைக்கழகத்தில் அவரைத் தெரியாத மாணவர் கிடையாது. தச்சு வேலை செய்கிறவர். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போய், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மடியில் பூனை தூங்குவதுபோலக் கர்ர்ர் என்று கேட்கும். பெரிய தொந்தரவு இல்லாததால் மாத்திரையிலேயே காலம் ஓடியது. வருடாவருடம் பரீட்சைக்கு வந்து படுத்து, நெஞ்சைக் காட்டிவிட்டுப் போவார். அதைக் கேட்டுத் தேறியவர்கள் இன்று எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் பெரிய டாக்டர்கள். வாயாடியின் அக்காவும் அப்படித் தேறியவள்தான்.

காலையில்தான் அக்கா போனில் சொல்லியிருந்தாள். "ஆறாம் கட்டில் கிடைச்சா உனக்கு லாட்டரிடி. கேக்கலைன்னாலும் கேட்டுதுன்னு சொல்லிடு. எனக்கே அன்னைக்குச் சரியா கேக்கல."

"அடிப்பாவி! பொய் சொல்லியா பாஸ் பண்ண?"

"பொய் என்னடி? அவர் நெஞ்சுல இருக்கறதைத்தானே சொன்னேன்!"

வாயாடி போன தடவை இதே பரீட்சையில் கோட்டை விட்டவள். கூடப் படித்தவர்கள் வெள்ளைக் கோட்டோடு வார்டு சுற்ற, இவள் மட்டும் பழைய புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு முறை அதைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

பரீட்சை நடக்கும் நீள வார்டுதான் பல்கலைக்கழகத்தின் முதல் கட்டடம். காய்ச்சல்காரர்களுக்காகக் கட்டியது. பின்னால் கண்ணாடி மாடிகள் எத்தனை எழும்பினாலும் பரீட்சை மட்டும் இங்கேயேதான். தடித்த சுவர், தெருச் சத்தம் எட்டிப் பார்க்காது.

அந்த அமைதியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். லப்-டப். நகர்த்தி வைத்தாள். லப்-டப். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னாள். பூனையைக் காணோம்.

"மாமா..." என்று கெஞ்சலாகப் பார்த்தாள்.

"நிதானமா கேளும்மா," என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டே.

தேர்வாளர் அம்மா வந்து நின்றார். "என்ன கேட்டுது?"

வாய் தானாக ஓடியது. "இடப்பக்கம் திரும்பிப் படுத்தா கர்ர்ர்னு ஒரு சத்தம் மேடம். வால்வு சுருங்கி..."

"எங்க? எனக்கும் காட்டு."

திரும்ப வைத்தாள். லப்-டப். கேட்கிறது என்று இன்னொரு முறை சொன்னால் போதும். அக்கா சொன்னாள், அக்காவின் சீனியர்கள் சொன்னார்கள், அத்தனை பேரும் டாக்டர்கள்.

"கேக்கல மேடம்," என்றாள். "முன்னாடியும் கேக்கல. எல்லாரும் சொன்னாங்கன்னு..."

"காலையிலேருந்து இவர்கிட்ட வந்த அத்தனை பேருக்கும் கர்ர்ர்னு கேட்டுதாம்," என்றார் தேர்வாளர். "பின் கட்டடத்துல பலூன் விட்டு இவர் வால்வை விரிச்சாச்சு, அது யாருக்கும் தெரியல. தழும்புகூட இல்ல. தொடை வழியா பண்ணது."

பூனை மாமா எழுந்து உட்கார்ந்தார். "என் நெஞ்சைக் கேட்டுப் பாஸான பையன்தான் சரி பண்ணான். இனிமே எங்கிட்ட என்ன இருக்கு, எதுக்கு வரணும்னு கேட்டேன். இந்தம்மாதான் விடல."

"நான் ஃபெயிலா மேடம்?"

"முதல்ல சொன்ன பொய்க்கு மார்க் போச்சு. மிச்சம் இருக்கு. ஆரம்பத்துலேருந்து வா."

ஆரம்பம் என்றால் நோயாளியிடம் விசாரிப்பது. வாயாடிக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாம் தெரியும் என்று அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் நெஞ்சில் கை வைத்திருந்தாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு என்ன பண்ணுது, சொல்லுங்க."

"எனக்கா?" என்றவர் சற்று யோசித்தார். "படி ஏறினா முன்ன மாதிரி மூச்சு வாங்கல. ஆனா ராத்திரி தூக்கம்தான் வரமாட்டேங்குதும்மா."

"எப்பலேருந்து?" என்று கேட்டுவிட்டு, வாயாடி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.