உருளாத குழாய்

தொட்டிக்காரர் குனிந்தது இறந்துகிடந்த அவள் கணவரின் முகத்தைப் பார்க்க அல்ல, மேஜையை நோட்டம் விட என்று அவள் சத்தியம் செய்வாள். பதினோரு வருஷமாக வாசல்படி மிதிக்காத மனிதர், உடலை எடுக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்து நிற்கிறார். முதலில் மூக்கு வந்து, கால் மணி கழித்துத்தான் ஆள் வந்தார்.

“அண்ணி, அந்தக் குழாய் இங்கதான இருக்கு?”

“எந்தக் குழாய்? வீடு பூரா குழாய்தான்.”

சொல்லிக்கொண்டே மேஜையை மறைத்து நின்றாள்.

அவள் கணவரும் அவரும் ஒரே ஆய்வுக்கூடம். தண்ணீருக்குள் அலுமினியக் குழாய்மேல் பட்ட ஒலி எப்படிச் சிதறும் என்று கணவர் கணக்குப் போடுவார். அடிபட்ட குழாயும் அதிர்ந்து கூடவே பாடுமாம். தொட்டிக்காரர் அதைத் தொட்டியில் முக்கி அளப்பார். குழாய் சுத்த வட்டமாக இருந்தால் கோட்டில் ஒரே முகடு என்றது கணக்கு. தொட்டி காட்டியதில் இரண்டு.

“உன் தொட்டி கோணல்டா!”

“உன் மூளை கோணல்டா!”

அந்தக் கூச்சலில் ஏழு கடல் மீன்களும் செவிடாகியிருக்கும். குழாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த கணவர் பிறகு தொட்டிக்காரரோடு பேசவே இல்லை.

அவளுக்குத்தான் தெரியும். அளப்பதற்கு முந்தின ஞாயிறு, பத்திரமாக இருக்கட்டும் என்று குழாயை வீட்டில் வைத்திருந்தார். சுத்தியல் கிடைக்காமல் அவள் அதாலேயே சுவரில் ஆணி அடித்தாள். நாலே தட்டு. நகக்கண் அளவுக்குக் குழாய் சப்பையானது. துடைத்துப் பளபளப்பாக்கி வைத்துவிட்டாள். அவரிடம் சொல்ல நாளைக்கு, நாளைக்கு என்று பதினோரு வருஷம் போய்விட்டது.

இந்த ஆள் மோப்பம் பிடித்துவிட்டாரா? எல்லார் முன்னாலும் கேட்பாரா?

“மாமா, நீங்கதான் உயரம். அப்பா படத்தைக் கழட்டித் தாங்களேன்” என்றாள் மகள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் படம் அவர் கையில் இருந்தது. சுவரில் வளைந்த ஆணி. அதன் தலையில் வெள்ளிப் பூச்சுபோல அலுமினியம் தேய்ந்த மினுக்கம். அவர் அதையே பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி வந்து மேஜைமேல் கிடந்த குழாயை எடுத்து, திருப்பி வைத்து, விரலால் தள்ளினார்.

நொண்டி மேஜை அது. வைத்த பென்சிலெல்லாம் தரையில்தான் போய்த் தூங்கும். குழாய் சரிவில் ஓடியது. டக். ஒரு சுற்று. மறுபடி டக். விளிம்பில் பிடித்துக்கொண்டார்.

“என்ன?” என்றாள்.

“நல்ல வட்டம், அண்ணி.” இறந்தவரைப் பார்த்தார். “நீ சொன்னதுதான்டா சரி. என் தொட்டிதான் கோணல்.”

கட்டைவிரலால் தடவி, சப்பையைக் கண்டுபிடித்து, அது அடியில் இருக்கும்படி குழாயை வைத்தார். கையை எடுத்தார். உருளவில்லை. இத்தனை வருஷமும் அவள் கணவர் சப்பையை அடியில் வைத்திருந்தபடியே கிடந்தது.

அவள் மெல்லக் கணவரின் பக்கம் திரும்பினாள்.